சிறிய தொட்டியின் கடன்

பம்ப் ஒரு நிமிடத்தில் தள்ளும் ஆயிலைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு கொள்ளும் தொட்டி வேண்டும் என்பது தொழிற்சாலை ஹைட்ராலிக்கில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. ஒரே இடத்தில் நிற்கும் பிரஸ்ஸுக்கு அது சரி. 20 டன் எக்ஸ்கவேட்டருக்குக் கட்டுப்படியாகாது. அதன் பம்புகள் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 400 லிட்டருக்கு மேல் தள்ளும். மும்மடங்கு என்றால் 1,200 லிட்டர், ஆயிலின் எடை மட்டுமே ஒரு டன். அதனால் 150 லிட்டருக்கும் குறைவான தொட்டியோடு அது வேலைக்குப் போகிறது.

பெரிய தொட்டியில் ஆயில் சில நிமிடங்கள் தங்கும். சூடு தணியும், காற்றுக்குமிழி மேலேறும், கசடு அடியில் படியும். எக்ஸ்கவேட்டரிலோ சுமார் இருபது விநாடியில் மறு சுற்றுக்குக் கிளம்பிவிடுகிறது. அந்த வேலைகளை எல்லாம் கூலரும் பில்டரும்தான் செய்தாக வேண்டும்.

இதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். சிறிய தொட்டியில் விரயச் சூட்டுக்கு இடமில்லை; டீசல் எஞ்சினின் சக்தியும் அளவானது. அதனால் கேட்ட அளவுக்கே ஆயில் தரும் பம்புகள் நகரும் இயந்திரங்களில் வேரூன்றின. தொழிற்சாலையில் அந்த நெருக்கடி இல்லை. பழைய பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரங்கள் பலவற்றில் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும். அச்சை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்திலும் மிஞ்சிய ஆயில் ரிலீஃப் வால்வு வழியே திரும்பி, மின்சாரத்தை வெறும் சூடாக்கும். அந்த விரயத்தைப் பெரிய தொட்டி பொறுத்துக்கொண்டது. சொல்லப்போனால் மூடி மறைத்தது. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் சர்வோ மோட்டார்கள் வந்த பிறகே அது கணக்கில் ஏறியது.

சிறிய தொட்டி பராமரிப்பின் தலையில் ஏற்றும் சுமைதான் எனக்கு உறுத்தல். புழுதி பறக்கும் களத்தில் மூடியைத் திறந்து, வாய் திறந்த வாளியிலிருந்து ஆயில் ஊற்றுவது நம்மூரில் சாதாரணக் காட்சி. தொழிற்சாலைத் தொட்டியில் அந்த மண்ணில் கொஞ்சமாவது அடியில் தங்கும். இங்கே அது நேரே பம்புக்குள் போகிறது. உள்ளே பிஸ்டனுக்கும் துளைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். அளவு பார்ப்பதிலும் சிக்கல் உண்டு: சிலிண்டர் நீண்டிருந்தால் தொட்டியில் மட்டம் இறங்கும், சுருங்கினால் ஏறும். கையேடு சொல்லும் நிலையில் பூமையும் பக்கெட்டையும் வைக்காமல் தொட்டியின் மட்டக் கண்ணாடியைப் பார்த்து ஆயில் ஊற்றுகிறவர், குறையாத இடத்தில் நிரப்பிக்கொண்டிருப்பார்.