சின்னப் பிள்ளைக்குச் சொந்தப் போன் தேவையா?

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போயின. மலைநாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றேறினார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடம் மறுபடியும் போனுக்குள் போனது. அந்த நெருக்கடிகள் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியச் சுற்றுவட்டாரத்திலும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கின்றன: ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குத் தனியாக ஒரு போனோ டெப்போ வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்போரின் வாதங்களில் இரண்டு கனமானவை. முதலாவது, படிப்பு. வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார் என்றால் மூவருக்கும் பாடம் இல்லை. இரண்டாவது, பிரிவு. அம்மா மத்திய கிழக்கில், அப்பா கொழும்பில் என்றிருக்கும் குடும்பங்களில் பிள்ளை தாயின் முகம் பார்ப்பது வீடியோ அழைப்பில்தான். குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்று கண்டிப்புக் காட்டிய அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2016இல் வீடியோ அழைப்புக்கு விலக்களித்தது.

இரண்டு தேவைகளும் உண்மையானவை. ஆனால் இரண்டுக்கும் வேண்டியது வீட்டில் ஒரு போன்; பிள்ளைக்கே உரிய போன் அல்ல. அப்பாவின் போன் போதாவிட்டால் வீட்டுக்கென்று இன்னொன்று வாங்கலாம். தனக்கென்று ஒரு கருவி கிடைத்தாலே படிப்பு உயரும் என்ற நம்பிக்கையைப் பெரு நாடு சோதித்துப் பார்த்தது. 300க்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது: மடிக்கணினி பெற்ற பிள்ளைகள் கணிதத்திலும் மொழியிலும் மற்றப் பிள்ளைகளை விட முன்னேறவில்லை.

மறுப்பவர்களின் ஆதாரத்தையும் அதே கண்டிப்போடு உரசிப் பார்க்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதற்கான சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்பதையும் அதுவே எழுதி வைத்தது. அதே ஆண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளவயதினரின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய மனநல வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதமே டிஜிட்டல் பாவனையோடு தொடர்புடையது என்று கண்டார்கள். ஆகவே ‘போன் மூளையைக் கெடுக்கும்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. அதேவேளை, அந்த ஆய்வு பதின்ம வயதினரைப் பற்றியது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை அத்தாட்சியாக்கவும் முடியாது.

உறுதியாக நிற்கும் சான்று வேறொன்று. சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். பிள்ளைக்குத் தேவையானது வெயிலும் ஓட்டமும் உறக்கமும். கையிலேயே இருக்கும் கருவி இவற்றின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

இந்த ஊருக்கே உரிய சான்றும் உண்டு. 2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனவிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டபோது வெறுப்பும் வதந்தியும் போன்கள் வழியே பரவின. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றை முடக்கியது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனமே தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. மெய் எது, பொய் எது என்று பெரியவர்களே தடுமாறிய இடத்தில் ஒரு குழந்தையைத் தனியே விடுவது நியாயமல்ல. பேஸ்புக்கே 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குக் கணக்கு இல்லை என்கிறது. பொய்யான பிறந்த ஆண்டு கொடுத்தால்தான் பிள்ளை உள்ளே போக முடியும்.

ஆகவே என் தீர்ப்பு இது: ஐந்தாம் தரம் முடியும்வரை பிள்ளைக்குச் சொந்தக் கருவி வேண்டாம். வீட்டுப் போன் முன்னறையில் இருக்கட்டும், கடவுச்சொல் பெரியவரிடம், இரவில் பிள்ளையின் பாயருகே அது வரக்கூடாது. தூரத்திலுள்ள அம்மாவின் அழைப்பு வரும்போது அந்தப் போன் முதலில் பிள்ளைக்குத்தான். பேச முடியாத பிள்ளைக்கு டெப் குரலாகும் என்றால் அது அந்தப் பிள்ளையின் உரிமை. அங்கே இந்தத் தீர்ப்பு பொருந்தாது.

இதை நிறைவேற்றும் பாரத்தைத் தாய்மார் மேல் மட்டும் சுமத்தக் கூடாது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வரும் தாய், மூன்றாம் தரப் பிள்ளையின் வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில் வந்தால் எப்படிப் போனை மறுப்பாள்? பாடசாலையும் டியூஷன் ஆசிரியரும் சின்ன வகுப்புகளின் வீட்டுப்பாடத்தைக் கொப்பியிலேயே எழுதி அனுப்ப வேண்டும். அப்போதுதான் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லும் பெற்றோரால் அந்தச் சொல்லில் நிற்க முடியும்.