சொல்லாமற் சொல்லும் சூழ்ச்சி

சீசரைக் கொன்றதற்குக் காரணங் கூறிவிட்டான் புரூட்டஸ்; கூட்டமும் ஏற்றுக்கொண்டது. பிறகு மேடையேறுகிறான் ஆன்டனி. கொன்றவர்களை மாண்புடையோர் எனப் புகழ்கிறான். மீண்டும் மீண்டும் புகழ்கிறான். புகழுரையே வசையுரையாகத் திரிகிறது! உயிலைக் காட்டுகிறான், படிக்க மறுக்கிறான், படித்தே தீரவேண்டும் என்று கூட்டமே கூவுகிறது. கிளர்ந்தெழுங்கள் என்று அவன் கட்டளையிட்டானா? இல்லை. முடிவை மக்கள் வாயிலிருந்தே வரவழைத்தான்!

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்திலே இந்தச் சொற்பொழிவைச் சுவைத்துப் பாராட்டும் நாம், அடுத்த காட்சியை ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். சின்னா என்றொரு கவிஞன். சதிகாரன் ஒருவனுக்கும் அதே பெயர். கூட்டம் வளைத்துக்கொள்கிறது. 'நான் கவிஞன்' என்று கதறுகிறான், பயனில்லை. ஆன்டனியின் நாவன்மைக்கு விலை, குற்றமற்றவன் உயிர்!

இந்த வித்தையின் உட்பொருளை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். கேட்போர் நெஞ்சில் முன்னரே ஊறியுள்ள கருத்தைப் பேச்சாளன் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விட்டுவிட்டால் அவர்களே நிரப்பிக்கொள்வர் என்றார். தானே கண்டதாக எண்ணும் முடிவை எவன் ஐயுறுவான்?

உரோமாபுரியோடு முடிந்ததா இது? நம் வீட்டுக் கூடத்திற்கே வந்தது. 1975-இல் சந்தைக்கு வந்தது 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு. அதன் தொலைக்காட்சி விளம்பரமொன்றிலே, மகன் இல்லையே என்று ஏங்குகிறார் தந்தை. மகள் கேட்டு வருந்துகிறாள், பூச்சைப் பூசுகிறாள், முகம் வெளுக்கிறது, விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. கறுப்பு இழிவு என்று விளம்பரம் ஒரு சொல்லேனும் சொன்னதா? இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் பார்த்துக்கொண்டிருந்த நாம்! மாதர் அமைப்பினர் போராடியதன் பயனாக, 2003-இல் மைய அரசு அத்தகைய விளம்பரங்களைத் தடுத்தது. 2020-இல் பெயரில் 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. பெயர் மாறியது, நம் நெஞ்சிலே எழுதிய வாக்கியம் அழிந்ததா? மணமகள் தேவை விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள், விடை கிடைக்கும்.

தோழர்களே, சொல்வன்மையை நாம் வெறுக்கவில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மேடைத் தமிழால் விழிப்புற்றவர்கள் நாம். ஆனால், எதுகையும் மோனையும் சான்றாகிவிடா, அடுக்குமொழி ஆதாரமாகிவிடாது. பகைவன் பேச்சை உரைகல்லில் உரசும் நாம், நமக்கு இனியவர் பேச்சுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கை தட்டலாமா? அது பகுத்தறிவு ஆகாது; மற்றொரு பக்தி!

ஆகவே, கரவொலி எழுப்புமுன் ஒரு கேள்வி கேட்போம்: இவர் சொல்லாமல் விட்ட வாக்கியம் எது? அதை நாம் ஏன் இவ்வளவு எளிதில் நிரப்பிக்கொண்டோம்?

அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவன் இருந்திருப்பின், சின்னா பிழைத்திருப்பான்.