கண்டி வாவிக்கரையின் முகில் மதில்

கெலிஓயாவினின்றும் பேராதனை வழியாகக் கண்டி மாநகருக்குள் வருகின்றவர்களுட் பெரும்பாலார், தலதா மாளிகையின் முன்னே எடுப்பாய் நிற்கும் பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபத்தை அண்ணாந்து நோக்கி வியந்துவிட்டு, அதன் முன்னும் வாவிக்கரையோரமும் வெண்ணிறமாய் வளைந்து வளைந்து செல்லும் மதிலை வெறும் வேலியெனக் கருதிக் கடந்துவிடுகின்றனர். என் உள்ளத்திலோ, சிங்கள மக்கள் ‘வலாகுளு பெம்ம’ என வழங்கும் அந்த முகில் மதிலுக்கே முதலிடம்.

மதுரை நாயக்கர் வழிவந்தவனும், கண்ணுசாமி என்னும் இயற்பெயரினனும், 1798-ஆம் ஆண்டில் அரியணை ஏறியவனுமாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், நகரின் நடுவிலிருந்த வயல்வெளியை வாவியாக்கி, அதன் கரையிலே தேவலோகமொன்றைத் தோற்றுவிக்க எண்ணியபோது, அவ்வெண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பாசாரியார். மண்டபம் விமானமாய் விண்ணில் மிதக்கவேண்டும். மிதப்பதற்கு முகில் வேண்டும். முகிலுக்குக் கீழே கடல் வேண்டும். ஆகவேதான் வாவி பாற்கடலெனப் பெயர் பெற்றது; மதில் மேகமாயிற்று; அலைவடிவச் சுவரொன்றும் உடன் எழுந்தது.

கோட்டை மதிலின் உச்சியில், வீரர் மறைந்து நின்று எய்தற்குரிய ஞாயில்கள் அமைதல் மரபு. அந்த ஞாயிலின் கடுமையை முற்றும் உருக்கி, சுருண்டெழுந்து தாழும் வளைவுகளாக ஆசாரியார் மாற்றிய விந்தையை எத்தனை முறை கண்டாலும் தெவிட்டுவதில்லை. வளைவு வளைவாகவே மதில் நீண்டிருப்பின் கண் சலித்துப்போம். ஆயின் சுவரின் உடலிலே குடையப்பட்ட முக்கோண மாடங்கள், தம் நேர்கோடுகளால் அந்நெகிழ்ச்சியைத் தடுத்து நிறுத்தி, நடனத்துக்குத் தாளம்போல் ஒழுங்கு செய்கின்றன. அவை விழாக்காலத்தில் தேங்காயெண்ணெய் விளக்கேற்றுதற்கென அமைந்தவை. இருட்டில் விளக்கெரியும்போது கல்லின் கனம் மறைந்து, சுடர்வரிசை மட்டுமே நீரிற் படிந்து இரட்டிக்கும். பகலில் காண்போர் இச்சிற்பத்தின் பாதியையே காண்கின்றனர் என்பேன்.

இவ்வழகின் பின்னே இராஜகாரியமென்னும் கட்டாய ஊழியமும், அதனால் குடிகள் கொண்ட மனக்கசப்பும் உண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் நேர்மையாகாது. 1812-ஆம் ஆண்டளவில் வாவி நிறைவெய்தியது; மதிலோ முற்றுப்பெறவில்லை. 1815 பெப்ரவரி 18-இல் அரசன் ஆங்கிலேயர் கையிற் சிறைப்பட்டு, பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832-இல் அங்கேயே காலமானான். தொடங்கியவன் போனபின் அந்த மேகவரிசையை வாவி முழுவதும் கொண்டுசெல்வார் எவருமில்லை.

வாவியின் நடுவேயுள்ள தீவை வெடிமருந்துக் கிடங்காக்கிய ஆங்கிலேயர், அதனைச் சுற்றிக் கோட்டைப் பாங்கிலே கைப்பிடிச் சுவரொன்றை எழுப்பினர். தென்கரையில் நின்று நோக்குவோர் அதனையும் அப்பாலுள்ள முகில் மதிலையும் ஒருங்கே காணலாம். இரண்டும் ஞாயிலிலிருந்தே பிறந்தவை. முன்னது போருக்கென்றே திரும்பிச் சென்றது, மூலாச்சாரியின் மதில் போரை அறவே மறந்தது.