மூடிய பெட்டகத்துள் ஒரு கடிதம்

பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவா மோரியாக் 1932இல் வெளியிட்ட நாவலின் பெயரை 'விரியன்களின் முடிச்சு' என்று தமிழாக்கலாம். 1952இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற இவரை நாம் முதன்முதலில் படித்தது குருமடத்தில், ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக. அன்று இந்நூலை ஒரு பாவியின் மனமாற்றக் கதையாகவே வாசித்து முடித்தோம். பங்குப் பணியில் ஆண்டுகள் பல கழிந்தபின் மீண்டும் எடுத்தபோது, அது வேறொரு நூலாக நம்முன் நின்றது.

கதையை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. போர்தோ நகரில் பெயர் பெற்ற வழக்கறிஞரான லூயி, அறுபத்தெட்டு வயதில், கலேஸ் என்னும் தம் திராட்சைத் தோட்ட மாளிகையில் நோயுற்றுக் கிடக்கிறார். மனைவி இசாவும் மக்களும் பேரப்பிள்ளைகளும் அவருடைய செல்வத்திற்காகக் காத்திருக்கின்றனர். அவர்கள் பெட்டகத்தைத் திறக்கும் நாளில் பத்திரங்களுக்குப் பதிலாகத் தம் வெறுப்பே கையில் கிடைக்கட்டும் என்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறார். அக்கடிதமே நாவல். பழிவாங்க எடுத்த எழுதுகோல் எழுதுகிறவரையே அறுத்துத் திறந்துவிடுகிறது.

இக்குடும்பத்தின் நோய் எங்கே தொடங்கியது? மணமான புதிதில் ஓர் இரவு, தனக்கு முன்பு ரொடால்ப் என்னும் இளைஞன்மீது இருந்த விருப்பத்தை இசா கள்ளமின்றிச் சொல்லிவிடுகிறாள். தாம் நேசிக்கப்படவில்லை, தம் பணத்திற்காகவே ஏற்கப்பட்டோம் என்று லூயி முடிவு கட்டிவிடுகிறார். அதன்பின் நாற்பதாண்டு மௌனம். சண்டை இல்லை, மணமுறிவு இல்லை. ஒரே மேசையில் உணவு. இத்தகைய வீடுகள் நம் பங்குகளில் எத்தனை! வீடு மந்திரிக்கச் சென்று தீர்த்தம் தெளித்துத் திரும்பும் நமக்கு அவை தெரிவதே இல்லை.

நூலில் நம்மை மிகவும் கலங்கச் செய்தது லூயியின் பாவமன்று, மற்றவர்களின் பக்தி. இசா தவறாமல் திருப்பலிக்குச் செல்பவள். பிள்ளைகளைச் செபத்தில் வளர்ப்பவள். அந்தச் செபமே தந்தைக்கும் மக்களுக்கும் இடையே மதிலாக எழும்புகிறது. வெள்ளிக்கிழமைகளில் வேண்டுமென்றே இறைச்சி கேட்டு உண்ணும் லூயி, கடவுளை எதிர்த்தார் என்பதைவிட அம்மதிலை எதிர்த்தார் என்பதே பொருந்தும். திருமுழுக்கு யோவான் விரியன்களின் வழிவந்தோர் என்று கடிந்தது ஆலயத்திற்கு வெளியே நின்றவர்களையன்று என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

அம்மதிலில் சில சிறு துளைகள் உண்டு. காய்ச்சலில் மாண்டுபோன சிறுமி மரி, அப்பாவுக்காகத் தன் வேதனையைத் தாங்குகிறாள். பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிக்க வந்த அர்துவென் என்னும் எளிய குருமாணவர், யாரும் நல்லவர் என்று சொல்லாத அம்மனிதரிடம், நீர் நல்லவர் என்கிறார். மறையுரை ஏதுமில்லை, ஒரு சொல், அவ்வளவே. அது பல்லாண்டுகள் அவருள் கிடக்கிறது.

குறைகளும் உண்டு. பாரீசில் வாழும் முறைதவறிப் பிறந்த மகன் ரொபேர், கதையை நகர்த்துவதற்கென்றே வந்தவன்போல் தோன்றுகிறான். இறுதிப் பகுதியில் அருள் சற்று விரைந்தே செயற்படுகிறது என்போரின் கருத்தையும் நாம் தள்ளிவிட மாட்டோம். இவற்றினும் பெரிய குறை ஒன்று: இசாவின் குரலை நாம் ஒருபோதும் நேரே கேட்பதில்லை. லூயி பாரீசில் இருக்கும்போது அவள் இறந்துவிடுகிறாள்; கடிதத்தைப் படிக்க வேண்டியவள் படிக்காமலே போகிறாள். அவள் எரித்த தாள்களின் எஞ்சிய துணுக்குகளை அடுப்பங்கணப்பின் சாம்பலில் தேடி எடுத்தபோதுதான் அவளும் துன்புற்றாள் என்பது கணவருக்குத் தெரிய வருகிறது. அவளும் ஒரு கடிதம் எழுதியிருந்தால்? ஆசிரியர் அதை மறந்தார் என்று முன்பு குறைகூறினோம். இன்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அந்தச் சாம்பல்தான் ஒருவேளை அவள் கடிதமோ?

இவ்விடத்தில் எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், ஆலயத்திற்கு வராத முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவியும் மக்களும் பக்திசபைகளில் முன்னிற்பவர்கள். அவ்வீட்டிற்கு எத்தனையோ முறை சென்றோம். அவர்கள் சொன்னதைக் கேட்டோம். அவர் மனந்திரும்பச் செபித்தோம். திண்ணையில் அமர்ந்திருந்த அவரருகே ஒருநாளும் அமர்ந்ததில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது, அவருடைய குரல் எப்படி இருக்கும் என்பதே எமக்கு நினைவில் இல்லை.

லூயி தம் செல்வத்தை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, கணவனால் கைவிடப்பட்ட பேத்தி ஜனீனோடு கடைசி நாள்களைக் கழிக்கிறார். எழுதிக்கொண்டிருக்கையிலேயே, ஒரு சொல்லின் நடுவில், கை நின்றுவிடுகிறது. குறிப்பேட்டைப் படித்த மகன் ஊபேர், தன் தங்கைக்கு எழுதும் கடிதத்தில் அதில் பணக்கணக்கையும் நோயுற்ற மனத்தையுமே காண்கிறான். தாத்தாவை அறிந்திருந்த ஜனீனோ, அக்குறிப்பேட்டைத் தனக்கும் படிக்கத் தருமாறு மாமனுக்கு எழுதிக் கேட்கிறாள். அவள் கடிதத்தோடு நாவல் நின்றுவிடுகிறது. ஊபேரின் மறுமொழி நூலில் இல்லை.