பலகையின் முதுகு

சிறு விமானத்தில் பழைய கருவிகளைக் கழற்றிவிட்டு வேறு கருவிகளைப் பூட்டுவதை நான் ஒரு கலையாகவே பார்க்கிறேன். அந்தக் கலையின் தரத்தை அறிய பைலட்டின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. பெடல்களுக்கு மேலே தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, கருவிப் பலகையின் முதுகைப் பார்க்க வேண்டும். பூட்டியது நிதானமான கையா, அவசரக் கையா என்பது அங்கே நொடியில் தெரிந்துவிடும்.

நல்ல வேலையில் கம்பிகள் கற்றைகளாகப் போகும். கிளை பிரிய வேண்டிய இடத்தில் மட்டும் பிரியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், அருகருகே படுத்திருக்கும். சிறு இடைவெளிக்கு ஒரு முடிச்சு. பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினால் வேலை சீக்கிரம் முடியும்; ஆனால் நாளாக ஆக அந்தப் பட்டை காய்ந்து இறுகும், அதிர்வில் அதன் விளிம்பு கம்பியின் உறையைத் தேய்க்கும். அதனால் தேர்ந்தவர்கள் தட்டையான மெழுகு நாடாவால் கட்டுகிறார்கள். நாடாவை இரண்டு சுற்று சுற்றி, இரண்டாம் சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகி இழுத்து, மேலே ஒரு பூட்டு முடிச்சு. ஒவ்வொரு கட்டும் தனி. ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். நாசாவின் செவ்வாய் ஊர்தியான க்யூரியாசிட்டியிலும் கம்பிகள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

இந்த முடிச்சு எங்கள் பக்கத்தில் பழக்கமானதுதான். எங்கள் ஊர் அனுப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. அங்கே பஸ் ஏறினால் பழவேற்காடு. ஏரிக்கரைக் குப்பங்களில் வலையை மேல்கயிற்றில் கோப்பவர்களின் விரல்கள் போடுவதும் இந்த இரு சுற்று முடிச்சுதான். மீனவர்களின் விரல்களுக்குப் பழகிய முடிச்சு விமானக்காரர்களின் விரல்களுக்கும் பழக்கம்.

பலகையின் முன்பக்கம் இருக்கும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஜேம்ஸ் டூலிட்டில். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, செயற்கை அடிவானமும் நுட்பமான உயரமானியும் ரேடியோ வழிகாட்டலும் துணையாக அவர் ஏறி, சுற்றி, இறங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பும் பிறந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., விமானவியலோடு கருவித் தொழில்நுட்பத்தையும் தனிப் பாடமாக வைத்தது. மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படியொரு வகுப்பறை இருந்தது நம் ஊருக்குப் பெருமை.

டூலிட்டில் நம்பிய சுழல்கருவிக் குடும்பம்தான் இன்றும் செஸ்னா போன்ற பல சிறு விமானங்களில் ஓடுகிறது. இன்ஜினோடு சுழலும் ஒரு பம்ப் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றோட்டத்தில் கருவிக்கு உள்ளே ஒரு சக்கரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும். பம்பின் கரித்தகடுகள் உடையும்போது முன்னறிவிப்பு இருக்காது. அதைவிட மோசம், சக்கரம் மெல்ல மெல்ல ஓய்வதால் அடிவானக் கோடும் மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். மேகத்துக்குள் இருக்கும் பைலட் அதை நம்பிக்கொண்டே சாய்ந்துபோவார். கார்மின் ஜி5 போன்ற மின்னணுத் திரை வந்தபோது பலர் நிம்மதியாக மூச்சுவிட்டது இதனால்தான். பழைய கருவி இருந்த அதே மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வட்டத் துளையில் அது உட்காரும். விமானத்தின் மின்சாரம் போனாலும் தன் பேட்டரியில் நான்கு மணி நேரம் வரை தாங்கும்.

பூட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் கைத்திறன் தெரிகிறது என்பது என் முடிவு. நாற்பது, ஐம்பது ஆண்டு பறந்த விமானத்தின் பலகைக்குப் பின்னால் பல தலைமுறை ரேடியோக்களின் கம்பிகள் கிடக்கும். ரேடியோ நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் ஒரு பழைய ஏ.டி.எஃப். கருவியை எடுக்கிறோம் என்றால் அதன் ஆண்டெனா, கேபிள், தாங்கி எல்லாம் கூடவே வர வேண்டும். ஆண்டெனா இருந்த துளைக்குத் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். வெளியே வந்த ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, விமானத்தின் எடையையும் எடை மையத்தையும் மறுபடி கணக்கிட்டு எழுத வேண்டும். கம்பியை எட்டிய இடத்தில் வெட்டி, நுனியில் டேப் சுற்றி உள்ளேயே விட்டுவிடுவது எளிது. வெளியே யாருக்கும் தெரியாது. அடுத்த முறை பழுது தேடி வருபவர்தான் அந்தச் செத்த கம்பியைத் தொடர்ந்துபோய்ப் பாதி நாளைத் தொலைப்பார்.

ஹேங்கரில் பலகையைப் பிரித்திருந்த ஒரு செஸ்னா 172-ல், கனெக்டருக்கான உலோகப் பின்னைக் கம்பியில் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பற்றவைப்பு கிடையாது, அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்ப்தான். குண்டூசியைவிடச் சற்றுப் பெரிய அந்தப் பின்னின் கழுத்தில் ஒரு நுண்துளை உண்டு. கம்பியை நுழைத்ததும் அந்தத் துளைக்குள் வெள்ளீயப் பூச்சுள்ள இழைகள் மின்ன வேண்டும். மின்னினால் கம்பி அடிவரை போயிருக்கிறது என்று பொருள். அந்த இன்ஜினீயர் ஒவ்வொரு பின்னையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே அழுத்தினார். அவசரமே இல்லை.

எல்லாரும் புதுக் கருவி வாங்கிவிட முடியாது. பயன்படுத்திய கருவி வாங்குவதிலும் ஒரு ரசனை உண்டு. 1998-ல் வந்த கார்மின் ஜிஎன்எஸ் 430 என்ற ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவி இன்றும் சந்தையில் கைமாறுகிறது. அதன் பெயருக்குப் பின்னால் டபிள்யூ என்ற எழுத்து இருக்கிறதா என்பதைத் தேர்ந்த கண் முதலில் பார்க்கும். ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் துணைச் சமிக்ஞையைப் பயன்படுத்தும் தலைமுறைக்குத்தான் அந்த எழுத்து. இந்தியாவில் அந்தத் திருத்தத்தைத் தருவது இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு இறங்கியது. அதே ககன் வழியாகத்தான், கைபேசி எட்டாத கடலில் இருக்கும் மீனவருக்குப் புயல் எச்சரிக்கையும் மீன் திரளும் இடமும் அனுப்பும் ஜெமினி கருவி 2019-ல் அறிமுகமானது. விமானத்துக்கும் படகுக்கும் ஒரே செயற்கைக்கோள் பேசுகிறது என்பது ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வாழும் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அடுத்துப் பார்க்க வேண்டியது கனெக்டர் முனைகள். கடற்காற்று பட்ட கருவியில் பச்சை பூத்திருக்கும். பச்சை கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உரிய பட்டறை சோதித்துக் கொடுத்த சான்று கூட வராவிட்டாலும் வேண்டாம்.

எதை விட்டுவைப்பது என்பதும் முக்கியம். பலகை முழுக்கத் திரையாக்கிவிடும் மோகம் எனக்கு உவப்பில்லை. வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தில் இயங்குபவை, மின்சாரம் கேட்காதவை. ஒரு வேகமானி, ஓர் உயரமானி, காந்தத் திசைகாட்டி மூன்றையும் முள்ளோடும் முகத்தோடும் விட்டுவைத்த பலகைதான் எனக்கு அழகு.

கடைசிப் பரீட்சை அந்தத் திசைகாட்டிக்குத்தான். புதுக் கருவிகள் அதன் ஊசியை இழுக்கும். அதனால் விமானத்தை இரும்பில்லாத திறந்தவெளிக்குக் கொண்டுபோய், இன்ஜினை ஓட்டி, ரேடியோக்களைப் போட்டு, முப்பது பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திசையிலும் நிறுத்தி, ஊசி எவ்வளவு தவறுகிறது என்று பார்க்கிறார்கள். காந்தம் ஏறாத திருப்புளியால் உள்ளேயுள்ள சிறு காந்தங்களைத் திருப்பிச் சரிசெய்து, மீதமுள்ள பிழையைத் திசைகாட்டிக்குக் கீழே ஓர் அட்டையில் எழுதி ஒட்டுகிறார்கள். சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஆனால் விளக்கைப் போட்டதும் ஊசி இரண்டு பாகை நகர்ந்தால், நல்ல கைக்காரர் அட்டையில் எழுதி முடித்துவிட மாட்டார். விளக்குக்குப் போகும் கம்பியையும் திரும்பி வரும் கம்பியையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, மறுபடி பூட்டுவார். போகும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தைத் திரும்பும் மின்னோட்டத்தின் புலம் தின்றுவிடும். பிறகு விமானத்தை மறுபடி வடக்கு நோக்கி நிறுத்தி முதல் திசையிலிருந்து ஆரம்பிப்பார்.