கடைசி 4 விநாடி யார் கணக்கில்?

இந்த என்பிஏ சீசன் முழுக்க ஒரு கார்டுக்கு ஒரே வசை: "பாயிண்ட் எடுக்கிறார், எஃபிஷியன்ஸி இல்லை." பெயர் வேண்டாம், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஆள் தெரியும். டிரூ ஷூட்டிங் சதவீதம் சராசரிக்குக் கீழே, எனவே அணிக்குச் சுமை என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நான் அவர் கட்சி.

எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. பத்து ஷாட்டில் ஐந்து டூ பாயிண்டர் போட்டவருக்கு 50 சதவீதம், நான்கு த்ரீ பாயிண்டர் போட்டவருக்கு 40 சதவீதம் என்றது பழைய கணக்கு. எடுத்ததோ முதலாமவர் 10 பாயிண்ட், இரண்டாமவர் 12. எஃபெக்டிவ் ஃபீல்டு கோல் கணக்கு வந்து இரண்டாமவருக்கு 60 கொடுத்தது. டிரூ ஷூட்டிங் இன்னும் ஒரு படி போய் ஃப்ரீ த்ரோவையும் 0.44 எடையில் சேர்த்துக்கொண்டது. நல்ல கணக்குதான். ஆனால் அதில் டர்ன்ஓவருக்கு இடமே கிடையாது. நம் ஆள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஷாட் கிளாக்கில் 4 விநாடி பாக்கி. பிக் அண்ட் ரோலை எதிரணி ஸ்விட்ச் செய்து அடைத்துவிட்டது. பந்து வைத்திருப்பவர் கைகழுவ நினைத்தால் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடலாம். தள்ளியவரின் சதவீதம் மடிப்புக் கலையாமல் இருக்கும், வாங்கியவருடையது சரியும். இவர் வாங்குகிறவர். ஒரு டிரிபிள், முகத்துக்கு நேரே ஒரு கை, 18 அடியில் இருந்து எழும்புகிறார். பாதிக்கு மேல் தவறுகிறது.

இவரும் வாங்காவிட்டால்? கிளாக் முடிந்து பந்து எதிரணிக்குப் போகும். அது அணியின் டர்ன்ஓவர். எந்த ஆட்டக்காரரின் டிரூ ஷூட்டிங்கிலும் கீறல் விழாது. இவர் எறிந்து தவறினாலும், ரிம்மில் பட்டு நம் சென்டர் ரீபவுண்ட் எடுத்தால் புதிதாக 14 விநாடி கிடைக்கும். ஆகவே இந்த ஷாட்டை 22 அடி கார்னரில் ஆளில்லாமல் எடுக்கும் த்ரீயோடு ஒப்பிடுவது அநியாயம். ஒப்பிட வேண்டியது பூஜ்யத்தோடு. கடைசி ஓவரில் இறங்கிச் சுற்றி அவுட்டானவரின் சராசரியைக் காட்டி அவரைத் திட்டுவோமா?

லீக்குக்கே இது தெரியும். குவார்ட்டர் முடிகிற நேரத்தில் சதவீதத்துக்குப் பயந்து, மணி அடித்தபின் பந்தை எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். 2025-26 சீசனில் விதி மாறியது. முதல் மூன்று குவார்ட்டர்களின் கடைசி 3 விநாடிக்குள், சொந்தப் பாதியில் தொடங்கிய ஆட்டத்தில், 36 அடிக்கு அப்பாலிருந்து எறிந்து தவறினால் அது அணியின் கணக்கு, எறிந்தவருடையது அல்ல. அந்த நியாயம் ஷாட் கிளாக்கின் கடைசி மூச்சில் எறிகிறவருக்கு மட்டும் ஏன் இல்லை?

கிளாக்கில் 15 விநாடி இருக்கும்போதே இவர் எடுக்கும் நீண்ட டூ பாயிண்டர்களுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அவை மோசமான முடிவுகள். அதற்குத் திட்டு வாங்கட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியும் இருக்கிறது. 2013-14 முதல் எல்லா அரங்குகளிலும் டிராக்கிங் கேமராக்கள் உள்ளன. எத்தனை விநாடி மிச்சம், டிஃபெண்டர் எத்தனை அடியில் நின்றார் என்பதெல்லாம் பதிவாகிறது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். பிளேஆஃபில் ஆட்டம் மெதுவாகும், ஸ்விட்ச் கூடும், முதல் பிளே அடைபடும். 4 விநாடி சூழல் இன்னும் அடிக்கடி வரும். அப்போது அழகான சதவீதக்காரர்கள் கார்னரில் நின்றுகொண்டு பந்தை இவரிடமே அனுப்புவார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ஏதோ ஓர் அணி இவரைக் குறைந்த விலைக்குத் தட்டிச் செல்லும். சில வருடங்களில் கடைசி விநாடி ஷாட்டுகளைத் தனியாகக் காட்டும் பத்தி சாதாரணப் புள்ளிவிவரப் பட்டியலிலேயே வந்துவிடும்.

அதுவரை ஒருவரின் டிரூ ஷூட்டிங்கைப் படிப்பவர்கள், கிளாக் எத்தனையில் இருக்கும்போது பந்து அவர் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அப்புறம் திட்டுங்கள்.