பழவேற்காட்டுப் பாடு

பழவேற்காடு என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை, இல்லாவிட்டால் பூநாரை. எனக்கு அங்கே மிகவும் பிடித்ததைப் படம் பிடிக்க முடியாது. அது ஏரி மீனவர்களின் ‘பாடு’ முறை.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் கழி ஊன்றிச் சுத்துவலை கட்டினால் இறால் நன்றாகப் படும். அங்கே யார் கட்டுவது? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் அதற்குச் சீட்டும் முறைவைப்பும் உண்டு. இம்முறை நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்கு நகர வேண்டும். வேலி கிடையாது, பட்டா கிடையாது. எல்லையெல்லாம் மீனவர் மனக்கணக்கில்தான்.

துருக்கியின் அலன்யா மீனவர்களும் கிட்டத்தட்ட இதையே செய்தார்கள். செப்டம்பரில் சீட்டு, ஜனவரி வரை தினம் ஓர் இடம் கிழக்கே, பிறகு மே வரை மேற்கே. எலினோர் ஆஸ்ட்ரோம் 1990-இல் வந்த தன் நூலில் இதை எடுத்துக்காட்டினார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கழிவலைக்குச் சீட்டு முறை இருக்கிறது.

ஒரு நெருடல் உண்டு. பழவேற்காட்டில் பாட்டுரிமை பரம்பரையாகப் பட்டினவர் குடும்பங்களுக்கு உரியது. இதே ஏரியை நம்பிய மற்றச் சமூகத்தார் சீட்டுக்கு வெளியே நின்றார்கள். பங்கு கேட்டார்கள், தகராறும் வந்தது. உள்ளே இவ்வளவு நுணுக்கமாக நியாயம் பார்த்த முறை, வாசலில் மட்டும் கறாராக இருந்திருக்கிறது.